அடிக்கு ஒரு தகடு, மூடிக்கு ஒரு தகடு

ஏப்ரல் 4, வியாழன். துறையூர்

மணப்பாறையில் ஐந்தரை பஸ் பிடித்து, வழியில் சமயபுரம் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்று, ஒன்பதேகாலுக்கு வந்து சேர்ந்தேன். பிளஸ் டூ கணக்கு விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு தனியார் பள்ளியில் நடக்கிறது. தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் இங்கேயே விடுதியில் தங்கல். இரண்டு பேருக்கு ஓர் அறை.

என்னோடு இருப்பவள் ரஞ்சிதம். இருபத்தொன்பது வயது, வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறதாம். நான் வருவதற்குள் ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துவிட்டாள்.

"வெளிச்சம் கண்ணு கூசுமேன்னு நான் இங்க படுத்துக்கிட்டேன் டீச்சர். மாத்திக்கலாமா?"

வேண்டாம் என்றேன். கேட்ட விதத்திலேயே மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை என்று தெரிந்தது. அறைக்குச் சாவி ஒன்றுதான். அதுவும் அவளிடம் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பேசினேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாராம். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மண் ஈரமாகத்தான் இருந்தது. படம் எடுப்பதற்காக ஊற்றியிருப்பார்.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் குழுவுக்கு முதன்மைத் தேர்வாளர் பிச்சாண்டி சார். நாங்கள் சிவப்பு மையில் போடுவதை அவர் பச்சை மையில் சரிபார்ப்பார். மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறப் போகிறவர்கள் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். அவரை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வருஷம் பிள்ளைகளை வழுக்கி விடுவது ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. மூடியுள்ள உருளை வடிவ டின். ஆரம் ஐந்து சென்டிமீட்டர், உயரம் இருபது, தகட்டின் தடிமன் 0.02. டின் செய்ய எவ்வளவு தகடு வேண்டும் என்று வகையீடுகளைக் கொண்டு தோராயமாகக் காண வேண்டும். டின்னின் கன அளவு πr²h. ஆரம் துளி கூடினால், உயரம் துளி கூடினால் கன அளவு எவ்வளவு கூடும் என்று பார்த்தால் அதுதான் தகடு. ஆரம் கூடுவது 0.02. உயரம் கூடுவதோ 0.04, ஏனென்றால் அடியிலும் தகடு இருக்கிறது, மூடியிலும் இருக்கிறது. விடை 5π. முக்கால்வாசிப் பேர் உயரத்துக்கும் 0.02 போட்டு 4.5π என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று அடியில்லாத டின், அல்லது மூடியில்லாத டின்.

இருபத்தொன்பது வருஷமாக இந்தக் கணக்கை நடத்துகிறேன். என் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் விடுவார்கள்.

ரஞ்சிதம் என்னைவிட இருபது நிமிடம் முன்னதாக முடித்துவிடுகிறாள். படித்துத்தான் போடுகிறாளா?

ஏப்ரல் 6, சனி

இன்று மதியம் வந்த கவரில் பன்னிரண்டு தாள். முதல் தாளில் அந்த டின் கணக்கைப் பார்த்தபோது என் கை நின்றது.

பக்கத்தில் படம். டின்னை வெட்டி விரித்தது போல ஒரு நீள்சதுரம், இரண்டு வட்டம். கீழே இப்படி எழுதியிருந்தது: "டின்னைக் கத்தரித்து விரித்தால் சுற்றுச்சுவருக்கு ஒரு தகடு, அடிக்கு ஒரு தகடு, மூடிக்கு ஒரு தகடு." 200π, 25π, இன்னொரு 25π. மொத்தம் 250π. அதைத் தடிமனால் பெருக்கி 5π. அப்புறம்தான் வகையீட்டுச் சூத்திரம். ஒவ்வொரு உறுப்புக்கும் கீழே இது சுவர், இது அடியும் மூடியும் என்று குறிப்பு.

இரண்டாவது தாளிலும் அதே படம், அதே வாக்கியம். மூன்றாவதிலும். பன்னிரண்டிலும்.

ஒரு கவர் என்பது ஒரே தேர்வறையில் அடுத்தடுத்து உட்கார்ந்த பிள்ளைகள். வாக்கியம் இப்படி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டுமானால் யாரோ நின்று சொல்லியிருக்க வேண்டும். விடைக்குறிப்பில் இந்தப் படமும் கிடையாது, இந்த வாக்கியமும் கிடையாது.

மதிப்பெண் போடாமல் தனியாக எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

விடுமுறை. இரண்டு புடவை துவைத்தேன். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. மாடியில் காயப்போட்டதை யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டுத் தங்கள் துணியைப் போட்டிருந்தார்கள்.

அந்த வாக்கியம் நேற்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. நான் முன்பு இருந்த பள்ளியில் ஞானதுரை என்று ஒருவர் இருந்தார். பிளஸ் டூ 'அ' பிரிவு அவருக்கு, 'ஆ' பிரிவு எனக்கு. பன்னிரண்டு வருஷம் முன்பு அரையாண்டுத் தேர்வில் அவருடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் ஒரு கணக்கை ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று யாரோ மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். விசாரணை வந்தது. முடிவதற்குள் அவரை எங்கோ மலைப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் விசாரித்ததில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இப்போது பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அதே புகை. அப்படியானால் அன்று எழுதியவர் எழுதியது சரிதானே?

ஏப்ரல் 8, திங்கள்

பிச்சாண்டி சாரிடம் கவரைக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாலைந்து தாளைப் புரட்டினார்.

"விடை சரியாத்தான டீச்சர் இருக்கு?"

"அதுதான் சார் சந்தேகம். இத்தனை நாள்ல எந்தக் கவர்லயாவது அடியையும் மூடியையும் எல்லாரும் ஞாபகமா எழுதியிருக்காங்களா?"

"நல்லா நடத்துற வாத்தியாரா இருக்கலாம்."

"வார்த்தை கூடவா சார் ஒண்ணா இருக்கும்?"

அவர் பெருமூச்சு விட்டார். இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று கவரில் பாதியை ரஞ்சிதத்திடம் கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் வாங்கி முதல் தாளைப் பார்த்தாள். முகம் மாறியது. சட்டென்று குனிந்துகொண்டாள். நான் கவனித்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து, "இது காப்பி இல்லீங்க சார்" என்றாள்.

"எப்படிச் சொல்ற?" என்று நான் கேட்டேன்.

"அப்படித் தோணுது டீச்சர்."

தோன்றுகிறதாம். இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகள் யார் என்று தெரியாமல் முகம் மாறாது.

மாலை நான்கு மணிக்கு முகாம் அலுவலருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'முறைகேடு நடந்திருக்கலாம் எனக் கருதுகிறேன்.' பிச்சாண்டி சார் வாங்கிப் படித்துவிட்டு, "பன்னெண்டு பேருக்கும் ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருவாங்க டீச்சர். இந்த வருஷம் காலேஜ் போச்சு. நல்லா யோசிச்சுக்கிட்டீங்கல்ல?" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை மதியம் போகிற வண்டியில் அறிக்கையும் தாள்களும் சென்னைக்குப் போகும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ரஞ்சிதம் இன்று என்னோடு சாப்பிட உட்காரவில்லை. வாசலில் போனை வாங்கியதும் யாருக்கோ பேசப் போனாள். மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஏப்ரல் 10, புதன்

நேராகவே கேட்டுவிட்டேன். விடுதிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாளெல்லாம் எந்தப் பள்ளிக்கூடம்னு உனக்குத் தெரியும், இல்ல?"

துண்டால் முகத்தைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"தெரியும் டீச்சர். தாளைப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. அங்க சொன்னா தப்பாயிரும்னுதான் சொல்லல. எங்க மேல்சேரடி பள்ளிக்கூடம். நான் படிச்சது."

மேல்சேரடி கொல்லிமலைப் பக்கம் ஒரு மலைக் கிராமமாம். நான் கேள்விப்பட்டதில்லை.

"எங்க சார் அப்படித்தான் நடத்துவாரு. மொத நாளு ஒரு பிஸ்கட் டின்னும் தகரம் வெட்டுற கத்திரியும் எடுத்துக்கிட்டு வருவாரு. ஆளுக்கொரு வெட்டு. விரிச்சுப் போட்டு, சுவருக்கு ஒண்ணு, அடிக்கு ஒண்ணு, மூடிக்கு ஒண்ணுன்னு பாட்டு மாதிரி சொல்ல வைப்பாரு. அந்த வார்த்தைய மாத்தி எழுத எங்களுக்கு வரவே வராது டீச்சர். நான் பி.எட். பரீச்சையிலயே அப்படித்தான் எழுதினேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊருக்குக் கணக்கு வாத்தியாரே தங்க மாட்டாங்க. வருவாங்க, லீவு போடுவாங்க, எறங்கிருவாங்க. நான் பிளஸ் டூ வந்த வருஷம் ட்ரங்க் பெட்டியோட இவரு வந்தாரு. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு, தண்டனையா அனுப்பி வச்சாங்களாம். நாங்க என்ன பேசிக்குவோம் தெரியுமா டீச்சர்? கடுதாசி போட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும்னு."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அந்தப் பன்னெண்டு தாள்லயும் தப்ப மட்டும் பாருங்க டீச்சர். காப்பி அடிச்சிருந்தா தப்பையும் சேத்துத்தான அடிப்பாங்க?"

பெயரைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். தான் படித்த பள்ளியின் தாள் என்று தெரிந்தும் ரஞ்சிதம் மறைத்திருக்கிறாள். அறிக்கையில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும், அவள் சொன்ன எதுவும் நிற்காது. படுக்கப் போகும் வரை அந்த வரியையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

தலைவலி. காலையில் திருத்திய தாள்களில் கூட்டல் இரண்டு தப்பு என்று பிச்சாண்டி சார் திருப்பிக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

மதிய இடைவேளையில் அந்தப் பன்னிரண்டு தாளையும் கேட்டு வாங்கி, தப்புகளை மட்டும் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது பிள்ளை 200க்குப் பதில் 220 என்று எழுதி 5.4π. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை சரி. ஏழாவது புள்ளியை இடம் மாற்றி வைத்து 50π. ஒன்பதாவது πஐயே தொலைத்துவிட்டு வெறும் 5. பதினொன்றாவது பிள்ளை மூடியை மறந்து, பிறகு அடித்துவிட்டு, 'மூடி இருக்கிறது' என்று எழுதியிருக்கிறது. வாக்கியம் ஒன்று, தப்பு அவரவருடையது.

யாரும் நின்று சொல்லவில்லை. எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். அது எனக்கு அன்றே தெரியும். 'அ' பிரிவு ஜன்னல் என் வகுப்புக்குப் போகிற வழியில் இருந்தது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்க, ஞானதுரை டின்னை வெட்டிக்கொண்டிருந்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். அரையாண்டு தொடங்க இரண்டு மாதம் இருந்தது. கடிதத்தில் அதை எழுதவில்லை.

கடிதம் எழுதியது நான்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே முகாம் அலுவலர் அறைக்குப் போய் நின்றேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். மேசையில் அரக்கு வைத்த உறைகள் அடுக்கியிருந்தன.

"திங்கக்கெழமை காப்பின்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னைக்கு இல்லங்கறீங்க. நாங்க எதை டீச்சர் நம்பறது?"

"இதை நம்புங்க சார்." தப்புகளின் பட்டியலை வைத்தேன். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். πஐத் தொலைத்த பிள்ளையிடம் வந்ததும் லேசாகச் சிரித்தார்.

"முதல்லயே இதப் பாத்திருக்கலாமே?"

"பாத்திருக்கலாம் சார். பாக்கல."

விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அடுத்த வருஷம் திருத்தும் பணிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார். சரி என்றேன். இரண்டு பக்கம் எழுதி, பெயர், பதவி, பள்ளி எல்லாம் போட்டுக் கொடுத்தேன். உறையைப் பிரிக்க ஆள் தேடி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, தாள்கள் என் கைக்கு வரும்போது பதினொன்றரை. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒன்பது பேருக்கு அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. பிச்சாண்டி சார் பச்சை மையில் சுழித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இவரை நம்பி ஒன்றும் செய்ய முடியாது என்று முன்பு எழுதியிருந்தேன். அது தப்பு.

ரஞ்சிதத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடுதாசி எழுதினது நான்தான்."

"எந்தக் கடுதாசி டீச்சர்?"

"உங்க சாருக்கு."

போர்வையை இன்னொரு மடி மடித்தாள். அப்புறம் இன்னொன்று. மடிக்க இடமில்லாமல் கையளவு ஆகிவிட்டது. "நான் சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று போனாள். திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போய்விட்டாள். சாவியை என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 13, சனி

முகாம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் ரஞ்சிதம் தானாக என்னிடம் வந்தாள். ஒரு துண்டுத்தாளில் போன் நம்பர்.

"சாருக்கு நான் எதுவும் சொல்லல டீச்சர். செவ்வாக்கெழமை எங்க அம்மாகிட்டதான் பேசினேன். நீங்க அதையும் ஒரு மாதிரி பாத்தீங்க. சார்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பதிலுக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். போன் பேசவில்லை.

ஏப்ரல் 17, புதன்

பேசவில்லை.

ஏப்ரல் 20, சனி

பேசினேன். மூன்றாவது மணியில் எடுத்தார். பெயரைச் சொன்னேன். பின்னால் எங்கோ மாட்டு மணி கேட்டது.

"சௌந்தரவல்லி டீச்சரா? சொல்லுங்க. எந்த ஸ்கூல்ல இருக்கீங்க இப்ப?"

சொன்னேன். பிறகு சொல்ல வேண்டியதையும் சொன்னேன். கடிதம் எழுதியது நான், எழுதியது பொய், பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்று.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு டீச்சர்," என்றார். "ஆனா சந்தேகத்த வச்சுக்கிட்டு ஒருத்தர என்னன்னு சொல்றது."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எனக்கு இந்த மலை பிடிச்சுப்போச்சு. மூணு தடவை மாறுதல் வந்தும் நான் எறங்கல. அது என் முடிவு, அதை உங்க தலையில போட மாட்டேன். ஆனா என்னை இங்க மாத்தினப்ப என் சம்சாரம் புஷ்பத்துக்கு ஏழு மாசம். மலைக்கு வர முடியல. அவ அம்மா வீட்டுலயே பெத்தா. அப்புறமும் வரல. லால்குடியில இருக்கா, நான் இங்க இருக்கேன். மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை. கேக்கணும்னா அவகிட்ட கேளுங்க. போன்ல வேணாம், பேச மாட்டா. நேர்ல போங்க."

முகவரி சொன்னார். எழுதிக்கொண்டேன். வைப்பதற்கு முன்னால், "டின் கணக்குல எங்க பசங்க எப்படி எழுதியிருந்தாங்க?" என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். "ஆமா, ஆமா, சொல்லக்கூடாது" என்று அவசரமாக ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு. லால்குடி போய்வந்தேன்

வீட்டுக்காரர் துணைக்கு வருகிறேன் என்றார். எதற்கு வருகிறார் என்று நினைக்காமல், வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மாதா கோயில் தெருவில் மூன்றாவது வீடு. வாசல் அறையிலேயே தையல் மிஷின். மரியபுஷ்பம் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பதினொரு வயசுப் பெண் ஒன்று எட்டிப் பார்த்தது. அப்பாவின் நெற்றி. "நீ உள்ள போம்மா" என்றதும் போய்விட்டது.

நானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எதுக்கு எழுதுனீங்க?" என்று அவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டு மேல உங்களுக்கு என்ன?"

"உங்க வீட்டு மேல ஒண்ணும் இல்லம்மா. என் வகுப்புல நாப்பத்தொரு பேருல ஒன்பது பேருதான் அந்தக் கணக்க சரியாப் போட்டாங்க. சார் வகுப்புல எல்லாரும் போட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மிஷினில் இருந்த துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத அவருகிட்ட சொன்னீங்களா?"

"எழுதினது நான்தான்னு சொன்னேன். காரணம் சொல்லல. வாய் வரல."

"சொல்லாதீங்க," என்றார். "பசங்க எல்லாரும் சரியாப் போட்டதுக்குத்தான் தண்டனைன்னு தெரிஞ்சா அந்த மனுசன் சந்தோசப்படுவாரு. ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அதை என்னால பாக்க முடியாது."

குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.